கல்லடியிலிருந்து ஒகந்தைக்கு: பிளாக்ஜாக் கணக்கோடு ஐந்து நாட்கள்

முதல் நாள் – கல்லடி

ஒகந்தை முருகனுக்கு மாமி வைத்த நேர்த்திதான் இந்தப் பயணத்துக்கு முதற் காரணம். அவருடைய மகன், என் மச்சான், பயணிகள் கப்பல் ஒன்றின் கசினோவில் ஒன்பது ஆண்டுகள் பிளாக்ஜாக் மேசையில் டீலராக நின்று சீட்டுப் பகிர்ந்தவர். கடலில் ஒரு குறையும் வராமல் அவர் வீடு வந்து சேர்ந்தால் ஒகந்தைக்கு வந்து கும்பிடுவதாக மாமி வேண்டியிருந்தார். இப்போது மாமிக்கு முழங்கால் ஏலாது. ஆகவே நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையும் மேற்கேயுள்ள படுவான்கரையுமாகத் தெற்கே இறங்கி, ஐந்தாம் நாள் ஒகந்தையை அடைவதென்று முடிவாயிற்று. அன்றன்றைய பகுதியை அன்றிரவே எழுதிப் பதிவிடுவேன்.

எனக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவன். அமெரிக்காவில் ஒருவர் பிளாக்ஜாக் விளையாடிச் சில மாதங்களில் 15 மில்லியன் டொலர் வென்ற கதையைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, சென்ற தவணையில் என் மாணவன் ஒருவன், "சேர், கணக்குத் தெரிஞ்சா கசினோவ வெல்லலாமா?" என்று கேட்டான். சூது குடியைக் கெடுக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். தொலைபேசிச் சீட்டாட்டம் ஒன்றில், மீன்பிடிக்கும் தகப்பனாரின் வலைக்காசை அவன் அப்போதே விடத் தொடங்கியிருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அவன் கேட்டது கணிதக் கேள்வி. கணிதத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்த நான் அதைச் சொல்லவில்லை என்ற எண்ணம் இத்தனை நாளும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து மச்சான் வந்ததும், அந்தப் பதிலை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று தீர்மானித்தேன்.

மாலையில் கல்லடிப் பழைய பாலத்தில் நின்றோம். பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான். தோணியொன்றை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதைப் பொருத்தி ஒருவர் மீன் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாலத்தில் கச்சான் விற்றவருக்குக் காசு கொடுத்த மச்சான், கொடுத்த கையோடு உள்ளங்கைகள் இரண்டையும் மெதுவாக ஒன்றோடொன்று தட்டி, மேலும் கீழுமாகத் திருப்பிக் காட்டினார். ஏன் என்று கேட்டேன். மேசையை விட்டு விலகும்போதெல்லாம், கையில் பந்தயச் சில்லு எதையும் மறைக்கவில்லை என்று கூரையிலுள்ள கமராவுக்கு டீலர் இப்படிக் காட்ட வேண்டுமாம். ஒன்பது ஆண்டுப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

அங்கே நின்றபடியே ஆட்டத்தின் அடித்தளத்தைச் சொல்லித் தந்தார். 21-ஐத் தாண்டாமல், டீலரை விடக் கூடுதலான எண்ணிக்கையை அடைவதுதான் நோக்கம். ஆடுபவர் முதலில் சீட்டெடுக்க வேண்டியிருப்பதில்தான் கசினோவின் சாதகம் பிறக்கிறது. அவர் 21-ஐத் தாண்டிவிட்டால் பந்தயப் பணம் உடனே போய்விடும்; பின்னால் டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. இதை ஓரளவு ஈடுசெய்யும் சலுகைகள் ஆடுபவருக்கு உண்டு. பதினொன்றாக எண்ணப்படும் ஏஸும் பத்து மதிப்புச் சீட்டொன்றுமாக முதல் இரண்டு சீட்டிலேயே 21 அமைந்தால் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டை இரண்டு கையாகப் பிரிக்கலாம். நல்ல நிலையில் பந்தயத்தை இரட்டிக்கலாம். அமெரிக்க இராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கணிப்பான்களைக் கொண்டு, எந்தக் கையில் எதைச் செய்வது சரி என்று கணக்கிட்டு 1956-இல் புள்ளிவிபரவியல் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்கள். நல்ல விதிகளுள்ள மேசையில் அந்த முறைப்படி வழுவாமல் ஆடினால், கசினோவுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ அரை வீதம். அதாவது நூறு ரூபா பந்தயத்துக்கு ஐம்பது சதம்.

"அந்த ஐம்பது சதத்தில்தான் அவ்வளவு பெரிய கப்பல் கசினோ ஓடுகிறதா?" என்று கேட்டேன். "வாறவங்கள்ல பாதிப்பேருக்கு அந்த முறையே தெரியாது மச்சான்" என்றார்.

இரண்டாம் நாள் – மண்டூர்

குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளைப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்தோம். மண்டூர்க் கந்தசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, மச்சானின் பெரியம்மா வீட்டில் தயிரும் பிட்டுமாகச் சாப்பிட்டு முடிக்கும்போது, திண்ணையில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் தொடங்கியிருந்தது. இந்த ஆட்டத்தை அறியாத வீடு நம் பகுதியில் குறைவு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. துரும்பின் ஜாக் விழுந்துவிட்டதா, ஒன்பது யார் கையில் நிற்கிறது என்று, விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்திருப்பவரே இதில் கெட்டிக்காரர். எழுபது வயதைக் கடந்த ஐயா ஒருவர், கடைசி மூன்று பிடி இருக்கும்போதே எல்லார் கையையும் சொல்லிவிட்டார்.

அவரைக் காட்டித்தான் மச்சான் அன்றைய பாடத்தைத் தொடங்கினார். விழுந்த சீட்டு மீண்டும் வராது. ஆகவே இனி வரப்போகும் சீட்டைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. பிளாக்ஜாக்கில் இதை முறையாக நிறுவிக் காட்டியவர் எட்வேர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் கணக்கிட்டு, 1962-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். மீதமுள்ள சீட்டில் ஏஸும், பத்து, ஜாக், ராணி, ராசா என்ற பத்து மதிப்புச் சீட்டுகளும் கூடுதலாக இருந்தால் நிலைமை ஆடுபவருக்குச் சாதகமாகிறது. ஒன்றரை மடங்கு தரும் கைகள் அப்போது அடிக்கடி அமையும். அத்தோடு, 12 முதல் 16 வரை வைத்திருக்கும் டீலர் விதிப்படி கட்டாயம் சீட்டெடுக்க வேண்டியவர் என்பதால், பத்து வந்து அவரைத் தாண்டவைக்கும் வாய்ப்பும் கூடும். ஆடுபவருக்கோ நிற்கும் உரிமை இருக்கிறது.

பின்னாளில் பரவிய எளிய எண்ணும் முறையை, திண்ணை ஆட்டம் முடிந்தபின் மச்சான் 52 சீட்டையும் வைத்துச் செய்துகாட்டினார். 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். 7, 8, 9 விழுந்தால் மாற்றமில்லை. பத்து, ஜாக், ராணி, ராசா, ஏஸ் விழுந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் சீட்டுக்களை இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டு போனார். எதிரெதிரானவை ஒன்றையொன்று வெட்டிவிடுவதால் இரண்டிரண்டாகப் பார்ப்பது இலகு. அரை நிமிடத்துக்குள் முடித்தார், எண்ணிக்கை பூச்சியத்தில் நின்றது. முழுக் கட்டுக்கும் பூச்சியந்தான் வரவேண்டும். ஆறு கட்டுக்களைச் சேர்த்து ஆடும் மேசையில், கையில் நிற்கும் எண்ணை மீதமிருக்கும் கட்டுக்களின் தொகையால் வகுக்க வேண்டும். அந்த ஈவு ஒன்றால் ஏறும்போது ஆடுபவரின் பக்கம் ஏறத்தாழ அரை வீதம் சாய்கிறது. ஈவு ஒன்றானால் ஏறக்குறைய சமநிலை. இரண்டானால் சாதகம் ஆடுபவருடையது. அப்போது மட்டும் பந்தயத்தைப் பெருப்பித்து, மற்ற நேரங்களில் சிறிதாக வைப்பதே எண்ணுபவரின் தொழில்.

தலைக்குள் எண்ணுவதில் களவு எதுவுமில்லை. கென் யூஸ்டன் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், எண்ணுகிறார் என்ற காரணத்துக்காக ஒருவரைக் கசினோ தானாகவே வெளியேற்ற முடியாது என்று நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் அப்படியொரு பாதுகாப்பு இல்லை. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். எண்ணுபவர்களைக் கசினோக்கள் வேறு வழிகளிலும் மடக்கின. கட்டைப் பாதியிலேயே கலைப்பது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தானாகக் கலைக்கும் இயந்திரத்தை வைப்பது, ஒன்றரை மடங்குக்குப் பதிலாக ஐந்துக்கு ஆறு என்று கொடுப்பது என அவை பல. ஐந்துக்கு ஆறு என்ற அந்த ஒரு மாற்றம் மட்டுமே கசினோவின் சாதகத்தை ஏறத்தாழ 1.4 வீதத்தால் கூட்டிவிடுகிறது. எண்ணிச் சேர்ப்பதை விடப் பெரிய தொகை மேசையில் எழுதியிருக்கும் ஒரு வரியில் போய்விடும். அந்த வரியை வாசிக்காமலே ஆயிரக்கணக்கானோர் தன் முன்னால் உட்கார்ந்ததை மச்சான் கண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் – சம்மாந்துறை

நாவிதன்வெளி, வீரமுனை வழியாகச் சம்மாந்துறைக்கு வந்தோம். சிறுபோக வெட்டு நடக்கும் காலம். வழிநெடுக வயல் வட்டைகளில் வெட்டு மெஷின்கள் நிற்கின்றன, தார் றோட்டின் ஓரத்தில் நெல் காய்கிறது. மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் வீட்டில் தங்கினோம். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். அவர் முற்றத்தில் நெல் மூடைகள் அடுக்கியிருக்க, வியாபாரியோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிலோ விலையை இருவரும் முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் பேச்சு ஒரு மணித்தியாலம் நீண்டது. வியாபாரி போனபின் காக்கா சொன்னார்: "விலைய மட்டும் கேட்டு நெல்ல ஏத்தக்கூடா மகன். தராசு யாருட தராசு, மூடைக்குக் கழிவு எத்தன கிலோ, காசு எத்தனையாம் நாள் கைக்கு வரும், இந்த மூணையும் ஏத்த முதல் பேசிப்போடணும். ஏத்தின பிறகு பேச ஒண்ணுமில்ல."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிரவு அவர் சொன்ன கதைதான் என் மாணவன் பார்த்த கதை.

டொன் ஜோன்சன் என்பவர் குதிரைப் பந்தயத் துறையில் இருந்து வந்தவர். பந்தயத்துக்குக் கணினிக் கணிப்பைப் பயன்படுத்தும் தொழிலை நடத்தியவர். நியூ ஜேர்சியிலுள்ள அத்திலாந்திக் சிற்றி நகரின் மூன்று கசினோக்களில், 2011 ஏப்ரல் வரையான சில மாதங்களில் ஏறத்தாழ 15 மில்லியன் டொலரை அவர் வென்றார். அவற்றுள் ட்ரொபிக்கானாவில் மட்டும் ஒரே இரவில் ஏறக்குறைய 6 மில்லியன். அவர் சீட்டு எண்ணி வெல்லவில்லை. மேசையில் உட்காருமுன் பேசி வென்றார்.

அந்நகரின் கசினோ வருமானம் 2006-இல் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் அயல் மாநிலமான பென்சில்வேனியாவில் கசினோக்கள் திறக்கப்பட, ஆண்டுக்கு ஆண்டு வருமானம் சரிந்தது. பெரிய தொகை வைக்கும் ஆட்டக்காரர்களை எப்படியாவது வரவழைக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த நிர்வாகங்களோடு அவர் விதி விதியாகப் பேரம் பேசினார். ஏஸைப் பதினொன்றாகக் கொண்டு 17 வந்தால் டீலர் அங்கேயே நிற்க வேண்டும். ஒரே மதிப்புள்ள சீட்டுக்களை நான்கு கை வரை பிரிக்க இடம் வேண்டும். கட்டுக்களைக் கையால் கலைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கையில் மிகச் சிறிய சலுகை. எல்லாம் சேர்ந்தபோது கசினோவின் சாதகம் கால் வீதத்துக்கு இறங்கியது. கடைசியாக வந்தது தள்ளுபடி: அவருடைய நட்டம் 5 இலட்சம் டொலரை எட்டினால் அதில் 20 வீதத்தைக் கசினோ விட்டுக்கொடுக்கும். 5 இலட்சம் தோற்றால் 4 இலட்சம் கட்டினால் போதும். 5 இலட்சம் வென்றால் முழுவதும் அவருடையது.

பெரிய ஆட்டக்காரர்களுக்குத் தோல்வியில் தள்ளுபடி கொடுப்பது கசினோக்களில் பழைய வழக்கந்தான். ஒரு சலுகையைத் தந்தவர்கள் அது மற்றச் சலுகைகளோடு சேரும்போது என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டலை அவர் செய்து வைத்திருந்தார். காக்காவின் முற்றத்தில் கேட்ட அந்த மூன்று கேள்விகளும் அத்திலாந்திக் சிற்றியிலும் கேட்கப்பட்டிருக்கின்றன என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

நான்காம் நாள் – அறுகம்பே

காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில். நீண்ட ஓட்டம், எதிர்க்காற்று, எழுத வேறொன்றுமில்லை. அறுகம்பேயில் அலைச்சறுக்குக்காரர்களின் காலம் என்பதால் அறை கிடைக்கத் தாமதமாயிற்று. விளக்கு வந்ததும் கொப்பியை எடுத்தேன். நேற்றுக் கேட்டதை நானே கணக்கிட்டுப் பார்க்காமல் மாணவனிடம் சொல்லக்கூடாது.

எண்களை இலகுவாக்கினேன். கசினோவின் சாதகம் கால் வீதம். ஆடுபவர் 5 இலட்சம் வென்றாலோ 5 இலட்சம் தோற்றாலோ எழுந்துவிடுவார். தோற்றால் ஓர் இலட்சம் திரும்பும். பிரித்தல், இரட்டித்தல் எல்லாவற்றையும் சேர்த்து, ஓர் ஆட்டத்தின் மாறற்றிறனை, அதாவது முடிவு சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவை, 1.3 என்று எடுத்தேன். ஒவ்வோர் அடியும் எழுந்தமானமாக முன்னோ பின்னோ போகும் 'எழுந்தமான நடை' என்ற கணக்குத்தான் இது.

ஓர் ஆட்டத்துக்கு 25,000 டொலர் வைத்தால், இருபது பந்தயத்தின் தூரத்தில் இரண்டு எல்லையும் இருக்கின்றன. சராசரியாக முந்நூறு ஆட்டத்தில் கதை முடிந்துவிடும். வெல்லும் நிகழ்தகவு நூற்றுக்கு 48. தோற்கும் 52-இல் ஒவ்வொரு முறையும் ஓர் இலட்சம் திரும்பி வருவதால், எல்லாம் கூட்டிக் கழித்த சராசரி, ஒரு முறைக்கு 30,000 டொலருக்கு மேல் ஆதாயம்.

அதே மேசை, அதே விதி, அதே தள்ளுபடி. பந்தயத்தை மட்டும் 5,000 ஆக்கினேன். இப்போது எல்லை நூறு பந்தயத்தின் தூரத்தில். அங்கே போய்ச் சேர ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும்; ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்தக் கால் வீதம் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வெல்லும் நிகழ்தகவு நூற்றுக்கு 40 அளவுக்கு விழுந்துவிட்டது. சராசரி, ஒரு முறைக்கு 30,000 டொலருக்கு மேல் நட்டம்.

இரண்டு முறை சரிபார்த்தேன். பேசிப் பெற்ற சலுகை முழுவதும், பந்தயம் மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே சலுகை. தள்ளுபடி உயிரோடு இருக்கும்போதே ஆட்டத்தைச் சடுதியாக முடித்துவிட வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு பெரிய தொகை. மச்சானிடம் கொப்பியைக் காட்டியபோது, அவர் ட்ரொபிக்கானாவில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொன்னார். ஜோன்சன் ஒரு கைக்கு ஓர் இலட்சம் டொலர் வைத்திருந்தார். இரண்டு எட்டு வந்தது, பிரித்தார். மீண்டும் எட்டுகள் வர, நான்கு கையாயிற்று. நான்கிலும் இரண்டும் மூன்றுமாகச் சிறு சீட்டு விழ, நான்கையும் இரட்டித்தார். மேசையில் 8 இலட்சம் நின்றது. டீலர் 21-ஐத் தாண்டினார். அந்த இடத்தில் நான்கு கைக்குப் பிரிக்க விதி இடம் கொடாதிருந்தால் அந்தத் தொகை மேசைக்கு வந்திருக்காது. அந்த விதி பல நாள் முன்னர் பேசிப் பெற்ற விதி.

நான் கொப்பியில் அடிக்கோடிட்டது இன்னொன்றை. ஆதாயமுள்ள அந்த 25,000 டொலர்க் கணக்கிலும், நூறு முறை உட்கார்ந்தால் 52 முறை தோல்விதான். ஒவ்வொரு தோல்விக்கும் 4 இலட்சத்தை எண்ணிக் கட்ட வேண்டும். தொடர்ந்து ஐந்தாறு தோல்வியைத் தாங்கும் பணம் இல்லாதவருக்கு அந்தச் சராசரி கைக்கு வராது.

படுக்கப் போகுமுன், பேசிப் பெறுவதற்கும் மறைத்துப் பெறுவதற்கும் எல்லை எங்கே என்று கேட்டேன். பில் ஐவி என்ற தொழில்முறைச் சூதாட்டக்காரரின் வழக்கைச் சொன்னார். லண்டன் கசினோ ஒன்றில் 2012-இல், சீட்டின் பின்புறக் கோலம் ஓரங்களில் ஒரேமாதிரி வெட்டுப்படாமல் இருந்ததை அவரும் கூட்டாளியும் பயன்படுத்தினார்கள். இராசி பார்ப்பதாகச் சொல்லி, வேண்டிய சீட்டுக்களை டீலரைக் கொண்டே திருப்பி வைப்பித்து, 7.7 மில்லியன் பவுண் வென்றார்கள். கசினோ பணம் கொடுக்க மறுத்தது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2017-இல் அது ஏமாற்றே என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் எண்ணம். திருப்பச் சொன்னதன் காரணம் டீலருக்குத் தெரியாது. ஜோன்சனோ கேட்டதை எல்லாம் நேரே கேட்டார், மறுதரப்பும் தெரிந்தே கொடுத்தது. "டீலருக்குத் தெரியாம செய்றதால, கடைசியில வேல போறது டீலருக்குத்தான்" என்றார் மச்சான். அவர் குரல் இறுகியிருந்தது.

ஐந்தாம் நாள் – ஒகந்தை, பிறகு பாணமை

விடியுமுன் புறப்பட்டுப் பாணமையைக் கடந்து, செம்மண் பாதையில் காடு நெருங்க நெருங்க மெதுவாகப் போனோம். ஒகந்தையில் கற்பாறைகளுக்கு நடுவே கோயில், அப்பால் கடல். மச்சான் மாமியின் பெயருக்கு அருச்சனை செய்து தேங்காய் உடைத்தார். திருநீற்றை வாங்கிப் பூசியதும் அவர் கைகள் தம் பாட்டில் ஒன்றோடொன்று தட்டி, திரும்பி, வெண்மையாக விரிந்து நின்றன. பூசகர் அதையும் ஒரு கும்பிடாக எடுத்துக்கொண்டு, இன்னுமொருமுறை வாழ்த்தினார்.

பாறையில் உட்கார்ந்து மாணவனுக்கு எழுதினேன். "நீ கேட்டது உண்மை, வெல்ல முடியும். வென்றவர்கள் மூன்றில் ஒன்றையாவது வைத்திருந்தார்கள்: விழுந்த சீட்டை எண்ணிப் பயன்பெறக்கூடிய கட்டு, உட்காருமுன் விதியைப் பேரம் பேசும் பலம், தோல்வியைத் தாங்கும் பெரும் பணம். உன் தொலைபேசி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கட்டுப் புதிதாகக் கலைக்கப்படுகிறது, ஆகவே எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கழிவைப் பற்றிப் பேச மறுபக்கத்தில் ஆளில்லை. உன்னிடம் இருப்பது தகப்பனாரின் வலைக்காசு." நான்காம் நாள் கணக்கின் பக்கங்களையும் படமெடுத்தேன். ஒகந்தையில் தொடர்பு கிடைக்கவில்லை. பாணமைக்குத் திரும்பி, கடையொன்றில் பிளேன்ரீ குடிக்கும்போதுதான் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

கால் மணித்தியாலத்தில் மறுமொழி வந்தது. "சேர், 5,000-க்குப் பதிலா 1,000 வைச்சா?"

சூத்திரம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, நீயே போட்டுப் பார் என்று எழுதினேன். மச்சான் இரண்டாவது பிளேன்ரீக்குச் சொன்னார். அது வந்து, ஆறி, நாங்கள் எழும்பும் நேரத்தில் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. படிமுறை முழுவதையும் கையால் எழுதி, படமெடுத்து அனுப்பியிருந்தான். அடுக்குக்குறியில் ஒரு வெட்டு, அதற்கு மேல் திருத்தம், கீழே இரட்டைக் கோடு.

"வெல்ற நிகழ்தகவு நூத்துக்குப் பதின்மூண்டு, சேர். சரியா?"

சரி.